கொழுந்தும் கோலமும்: அச்சுத்துணிப் பூங்கோலங்கள் பற்றிய ஒரு நோக்கு

தேயிலையும் பூக்குஞ் செடிகளுள் ஒன்று என்பதைத் தோட்டங்களுக்குப் புறத்தே வாழ்வோருட் பலர் அறியார். வெண்ணிற இதழ்கள் சூழ, நடுவே மஞ்சட் கேசரங்கள் அடர்ந்து நிற்கும் அச்சிறு மலர் தலை கவிழ்ந்து, இலைக் கக்கத்திற் பாதி மறைந்து பூப்பது. வாரத்துக்கொருமுறை கொழுந்து கிள்ளப்பட்டும், சில ஆண்டுகளுக்கொருமுறை கவ்வாத்து வெட்டப்பட்டும் இடுப்பளவில் நிறுத்தப்படும் செடிக்குப் பூத்துக் காய்க்க ஓய்வு கிடைப்பது அரிது. விதைக்கென வளரவிட்ட மரங்களிலும், கைவிடப்பட்டுக் காடேறிய மலைகளிலுமே அதனை நிறைவாகக் காணலாம். பதுளை, பசறை, லுணுகலைப் பக்கங்களிலும், பண்டாரவளை, அப்புத்தளைச் சரிவுகளிலும் ஒரு மக்கட் கூட்டம் நூற்றாண்டுக்கு மேலாக இச்செடியோடு கைப்பழக்கங் கொண்டு வாழ்கின்றது. பூங்கோலம் வரைந்து புகழ் பெற்ற மேனாட்டுக் கலைஞர் எவரும் தாம் வரைந்த செடியை இத்துணை நெருக்கமாகத் தொட்டறிந்திருப்பர் என்று சொல்வதற்கில்லை. அவ்வாறிருந்தும் அம்மக்கள் உடுக்கும் சீத்தைத் துணியில் ரோசாவும் பெயரறியாப் பூக்களும் உண்டு; தேயிலை இல்லை. இவ்வின்மை எவ்வாறு நேர்ந்தது என்பது பொருளியலார்க்கு மட்டும் உரிய வினாவன்று. கலையாராய்ச்சியும் அதற்கு விடை கூறக் கடமைப்பட்டுள்ளது.

விடை காண்பதற்கு முன், துணியில் அச்சிடப்படும் செடி எப்பொழுது கோலமாகின்றது, எப்பொழுது வெறும் படமாக நின்றுவிடுகின்றது என்பதை அளக்க ஓர் அளவுகோல் வேண்டும். அதனை வில்லியம் மொறிஸ் என்பாரிடத்திற் கொள்வது பொருந்தும். 1834இற் பிறந்து 1896இல் மறைந்த இவ்வாங்கிலக் கவிஞர், கைவினை மறுமலர்ச்சி இயக்கத்தின் தலைமகன் எனப்படுபவர். அவர் இளமையில் இங்கிலாந்தின் சந்தைகளில் மலிந்திருந்த அச்சுத்துணிகள் உருளை எந்திரத்தில் விரைந்து அச்சிடப்பட்டவை. ரோசா மலரைப் பறித்துத் துணிமேல் வைத்தாற்போல நிழலும் ஒளியுங் காட்டி வரைவதே அங்குத் திறமையாகக் கருதப்பட்டது. ஓவன் ஜோன்ஸ் என்பார் 1856இல் வெளியிட்ட அலங்கார இலக்கண நூலில் இவ்வழக்கத்தைக் கடிந்து, பரப்பு தட்டையாயின் கோலமுந் தட்டையாதல் வேண்டுமென்று விதித்தார். மொறிஸ் அவ்விதியின் உண்மையை ஏற்றார், வறட்சியை ஏற்றிலர். வடிவங்களைக் கவராயத்தால் அளந்து வகுத்துவிட்டாற் செடியின் உயிர் போய்விடும் என்பதை அவர் கண்டார். 1881ஆம் ஆண்டிற் கோலம் வரைதல் பற்றி அவர் ஆற்றிய சொற்பொழிவில் இரண்டினையும் ஒருங்கே வேண்டினார்: வரம்பு தெளிவாக இருத்தல், தண்டு எங்கிருந்து புறப்பட்டு எவ்வாறு வளர்கின்றது என்பது கண்ணுக்குப் புலனாதல்.

அவருடைய துணிக்கோலங்களுள் 1883ஆம் ஆண்டின் ‘ஸ்ரோபெரித் திருடன்’ யாவரும் அறிந்தது. கெல்ம்ஸ்கொற் என்னும் ஊரிலிருந்த அவரது வீட்டுத் தோட்டத்தில் வலையின் கீழ்ப் புகுந்து பழங்களைத் திருடிய பாடும் பறவைகளே அதன் கரு. கதை இனியது, ஆயினும் அத்துணியின் சிறப்புக் கதையிலன்று. பறவைகள் எதிரெதிராக நிற்கின்றன. அவற்றைச் சூழ்ந்து தண்டுகள் வளைந்தேறிக் கட்டத்துக்குக் கட்டம் கை கோக்கின்றன. ஓரிடத்தில் விரலை வைத்துத் தண்டு வழியே சென்றால் விரல் துணியின் விளிம்பு வரை இடையறாது செல்லும். அச்சுக்கட்டை ஓரிடத்தில் முடிந்து மீண்டுந் தொடங்குவதைக் கண் உணர்வதில்லை. நம் சிற்பிகள் கொடிக்கருக்கு என்று பெயரிட்டு வழங்கும் வேலைப்பாட்டின் நெறியும் இதுவே. கொடி ஓடுதல் வேண்டும். ஓட்டத்தின் இடைவெளியை இலை நிரப்புதல் வேண்டும். நிரப்புதற்கென்று இலை ஒட்டப்பட்டதாகத் தோன்றுதல் கூடாது.

இக்கோலத்தை ஆக்கியது வரைந்த கை மட்டுமன்று. சாயத் தொட்டியும் ஆக்கியது. 1856இற் பேர்கின் என்பார் கண்ட ஊதாச் சாயத்தின் பின் இரசாயனச் சாயங்கள் சந்தையை நிரப்பின. அவை கண்ணை உறுத்துவன, விரைவில் வெளிறுவன என்பது மொறிஸின் குறை. ஆகவே 1875 முதல் லீக் என்னும் ஊரில் தோமஸ் வாடில் என்னும் சாயத் தொழிலாளரோடு சேர்ந்து, கைகள் நீலம் பாரித்திருக்கப் பழைய மூலிகைச் சாயங்களைப் பயின்றார். 1881இல் வாண்டில் ஆற்றங்கரையிலுள்ள மேட்டன் அபியிற் சொந்தத் தொழிற்சாலை அமைத்தபின் அவர் கையாண்ட முறை நோக்கத்தக்கது. துணி முழுவதும் முதலில் அவுரி நீலத்தில் தோய்க்கப்படும். பின்னர் நீலம் வேண்டாத இடங்களில் அதனை நீக்கும் மருந்து அச்சுக்கட்டையால் ஒற்றப்படும். மருந்தின் வலிவுக்கேற்ப அவ்விடம் இளநீலமாகவோ வெண்மையாகவோ மாறும். அதன் மேலேயே சிவப்பும் மஞ்சளும் ஏறும். எனவே இம்முறையிற் கோலம் பெரும்பாலும் நீக்கலாற் பிறக்கின்றது. இருட்டிலிருந்து இலையை வெளியே எடுப்பது போன்ற வேலை அது. ஆழ்ந்த நிலமும் அதன்மேல் மெல்ல ஒளிரும் இலையும் அத்துணிகளுக்கு வாய்த்தமைக்கு இதுவே காரணம். தேம்சு நதியோடு சேரும் ஆறுகளின் பெயர்களை அவர் தம் துணிகளுக்கு இட்டமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. பதுளு ஓயாவின் பெயரால் ஒரு துணி இருப்பின் நாம் நகைப்போம் போலும். வாண்டில் ஆறும் பதுளு ஓயாவினும் பெரியதன்று.

இம்முறைகளின் வேர் நம் கடற்கரையில் உள்ளது. சோழமண்டலக் கரையின் சாயக்காரரும் எழுத்துத்துணிக்காரரும் பருத்தியில் நிலைத்த சிவப்பை ஏற்றும் வித்தையை ஐரோப்பியர் அறிவதற்கு நெடுங்காலம் முன்னரே அறிந்திருந்தனர். கடுக்காய்ச் சாற்றில் தோய்த்த துணியிற் படிகாரக் கரைசலால் வரைந்து, இம்பூறல் எனப்படும் சாயவேரில் அவித்தால், படிகாரம் பட்ட இடம் மட்டுமே சிவக்கும். மற்றைய இடம் வெயிலில் வெளுத்துவிடும். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் எடுத்த சாயவேர் ஒல்லாந்தர்க்கு வருவாய் தந்த பொருள்களுள் ஒன்று. இக்கரைத் துணிகள் இங்கிலாந்தில் மிகுந்து விற்றமையால் அந்நாட்டு நெசவாளர் அஞ்சிக் கிளர்ந்தெழ, 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவற்றைச் சட்டத்தால் தடுக்க வேண்டி வந்தது. மொறிஸ் இக்கடனை அறியாதவரல்லர். இந்தியக் கைத்தொழில்கள் ஆங்கில வணிகத்தால் அழிக்கப்படுவதை 1879ஆம் ஆண்டின் சொற்பொழிவொன்றில் வெளிப்படையாகக் கண்டித்தவர் அவர். ஆயினும் அவர் காலத்தில் ஐரோப்பாவுக்குச் சென்ற அவுரியிற் பெரும்பகுதி வங்காளம், பீகார்ப் பகுதிகளில் வெள்ளைத் துரைமாரின் ஆதிக்கத்தில் விளைந்தது. அவ்வேளாளர் 1859இல் அவுரி விதைக்க மறுத்துக் கிளர்ச்சி செய்தமை வரலாறு. கையுழைப்பின் மகிழ்ச்சியைப் பாடிய இயக்கத்தின் அழகிய நீலத்துக்குப் பின்னால் மகிழ்ச்சியற்ற கைகளும் இருந்தன. இதனைச் சொல்வது மொறிஸின் கலையைக் குறைத்தற்கன்று. செடியைக் கோலமாக்கும் கையும் செடியைப் பயிராக்கும் கையும் வேறு வேறாகப் பிரிந்து போனமை அவராலும் நீக்கப்படாத குறை என்பதைக் குறித்தற்கே. அவருடைய துணிகளை வாங்க வல்லவர் செல்வரே என்பதும் அவரை வாழ்நாள் முழுதும் வருத்திய முரண்பாடு.

இனி, அவ்வியக்கத்தின் ஒளியை நம் மலைநாட்டுக்குக் கொணர்ந்தவரைக் காண்போம். ஆனந்த குமாரசுவாமி 1877இற் கொழும்பிற் பிறந்தவர். சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் புவிச்சரிதவியலும் தாவரவியலும் பயின்று தேறியவர். அவரைக் கலையறிஞராக மட்டும் அறிந்தோர் இவ்விரண்டாம் பாடத்தை மறந்துவிடுகின்றனர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருளாய்வின் தலைவராக மலைநாடெங்குந் திரிந்த காலத்தில், கல்லைத் தேடிச் சென்றவர் கலையைக் கண்டார். 1908இல் வெளிவந்த ‘இடைக்காலச் சிங்களக் கலை’ அதன் பயன். கெல்ம்ஸ்கொற் பதிப்பான சோசர் நூலை மொறிஸ் அச்சிட்ட அதே அச்சுப்பொறியில், புறோட் கம்டன் என்னும் ஆங்கிலச் சிற்றூரில், குமாரசுவாமியின் நேர்ப்பார்வையில் 425 படிகள் கையால் அச்சிடப்பட்டன. அவருடைய முதல் மனைவியார் எதெல் எடுத்த நிழற்படங்கள் நூலை அணி செய்கின்றன. கண்டி நாட்டு வெற்றிலைப் பைகளின் தையற் பூவேலையை நுணுகி ஆராய்ந்த அவ்வம்மையார் பிற்காலத்தில் எதெல் மேரே என்னும் பெயரால் இங்கிலாந்தின் கைநெசவுக் கலைக்கு ஆசிரியராய் விளங்கினார். மூலிகைச் சாயங்கள் பற்றி 1916இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் பயிலப்படுகின்றது.

குமாரசுவாமி கண்டிக் கலையிற் கண்டது மொறிஸ் கண்டதினின்றும் வேறுபட்டது. மொறிஸ் ஆற்றங்கரையில் நின்று செடியை நோக்கினார். பழைய மூலிகை நூல்களின் மரவெட்டுப் படங்களையும் நோக்கினார். கண்டிச் சித்திரகாரன் செடியை நோக்கி வரைபவனல்லன். தாமரையும் சண்பகமும் அவன் கையில் ஏற்கெனவே இருக்கின்றன. ஆசிரியன் வழிவந்த வடிவமாக அவற்றை அவன் ‘அறிவான்’. லியவெல எனப்படும் கொடியோட்டத்தை அவன் சுவரிலும் யானைத் தந்தத்திலும் துணியிலும் ஒரே மனத்தால் ஓட்டுகின்றான். தாவரவியல் கற்றவராகிய குமாரசுவாமி, இப்பூக்கள் எந்தத் தாவரத்தையும் முற்ற ஒவ்வாமையைக் குறையாகக் கொள்ளாது பாராட்டியது அவருடைய நுண்ணுணர்வுக்குச் சான்று. தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று. குறிஞ்சியும் முல்லையும் நெய்தலும் நம் பழம்பாடல்களிற் பூக்களாக மட்டும் நிற்பனவல்ல. நிலத்தையும் பொழுதையும் ஒழுக்கத்தையுங் குறிக்கும் மரபுக் குறிகள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை அடுக்கும்போது தாவரப் பட்டியல் எழுதுகின்றார் என்று எவருங் கொள்ளார். பொருநராற்றுப்படையிற் பாம்பின் உரி போன்ற நுண்ணிய துணியிற் பூவேலை நிறைந்திருந்ததாகச் சொல்லப்படுதலால், துணியில் மலர் ஏறும் வழக்கமும் நம்மிடைத் தொன்மையானதே.

ஆயினும் அவர் கொள்கையில் ஒரு தளர்ச்சி உண்டு. மரபு என்னும் சொல்லை அவர் வழங்கும்போது, அது முன்னொரு காலத்தில் நிறைவெய்தி, பின்னர் வணிகத்தாலும் அந்நியர் ஆட்சியாலும் சிதைந்த பொருளாகத் தோற்றமளிக்கின்றது. கண்டிக் கோலங்களே இதனை மறுக்கின்றன. அவற்றுள் அன்னாசி மலர் என்றொரு வடிவம் உண்டு. அன்னாசி அமெரிக்காவிற் பிறந்த செடி. போர்த்துக்கேயர் கீழ்நாடுகளிற் கால்வைத்த பின்னரே அது இங்கு வந்தது. வந்த செடி தோட்டத்தில் நின்றதோடமையாது, செதில் செதிலான உடலும் முடியுமாகச் சித்திரகாரனின் தூரிகையிற் புகுந்து, தாமரைக்கும் சண்பகத்துக்கும் அருகே வீற்றிருக்கின்றது. அதனை அந்நியம் என்று எவரும் விலக்கவில்லை. மரபு உயிரோடிருந்த காலத்திற் புதுச்செடியை உண்டு செரித்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கண்டிப் பாணியிலமைந்த இக்கலையைக் காணப் பதுளை மாணவர் தொலைவு செல்ல வேண்டியதில்லை. பதுளை நகரிலுள்ள கதிர்காமத் தேவாலயத்துச் சுவரோவியங்களும், ஹாலிஎலைக்கு அப்பால் மரப்பாலத்தாற் பெயர்பெற்ற பொகொட விகாரையின் ஓவியங்களும் அப்பாணியின. அப்பாணி ஓவியங்களில் உருவங்களுக்கிடையே வெறுமையாய் விடப்பட்ட இடத்தை மலர்கள் நிரப்புதல் வழக்கம். தம்புள்ளைக் குகையின் கூரையோ, மேலே கட்டிய விதானத் துணியென்றே மயங்குமாறு கட்டங்கட்டமாகப் பூவெழுதப்பட்டது. பாறை நெளிந்தவிடத்துக் கோலமும் நெளிகின்றது. காற்றில் அசையும் துணி போல அது தோன்றும். துணி இங்கே ஓவியத்துக்கு ஆசிரியன். கண்டிப் பிரதானிகள் உடுத்த சோமன என்னும் பூந்துணி இந்தியாவிலிருந்து வந்தது என்பதையும், ஆடவர் உடுக்கும் துணியைத் தமிழில் சோமன் என வழங்குதலையும் சேர்த்து நோக்குவார்க்கு இரு மொழியாளரின் உடைக்கிடையே ஓடிய நூல் புலனாகும்.

இத்துணை நுண்ணியராகிய குமாரசுவாமியின் நூலில் ஊவாவின் தோட்டங்கள் இல்லை. அவர் மலைநாட்டில் உலாவிய ஆண்டுகளிற் கோப்பி இலைநோயால் அழிந்து, அதனிடத்துத் தேயிலை முற்றாக நிலைகொண்டுவிட்டது. 1869இற் காணப்பட்ட அந்நோய் ஒரு தலைமுறைக்குள் மலையின் நிறத்தையே மாற்றியது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர் பல்லாயிரவர் லயன்களில் வாழ்ந்தனர். தமிழராகிய ஆசிரியர் அவர்களைக் கடந்தே கிராமங்களுக்குச் சென்றிருத்தல் வேண்டும். சிங்களக் கைவினைஞனே அவர் நூலின் பொருளாதலால் இது குற்றமாகாது. ஆனால் அவர் வழிவந்த கலைநூலாருக்கும் தோட்டம் என்பது மரபை அழித்த பொருளாக மட்டும் தெரிந்தமை குற்றமே. கண்டிக் கிராமத்தானுக்குக் கலை உண்டு, தோட்டத் தொழிலாளிக்கு உழைப்பு மட்டும் உண்டு என்னும் எழுதப்படாத பிரிவினை அதனால் வேரூன்றியது. லயத்து வாசலில் விடியலில் இடப்படும் புள்ளிக் கோலத்தைப் பார்த்தவர் இவ்வாறு எண்ணார். புள்ளிகளை அடுக்கி, ஒற்றைக் கோட்டை அவற்றைச் சுற்றியோட்டி, தொடங்கியவிடத்திற் கொணர்ந்து சேர்க்கும் பெண்ணுக்கு, அச்சுக்கட்டையின் ஓரம் அடுத்த கட்டத்தோடு பொருந்த வேண்டும் என்பதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கட்டத்துக்குக் கட்டம் கோலத்தைத் தொடர்தலென்னும் கடினமான கணக்கு அவள் கையில் உள்ளது. இல்லாதது, தன் செடியும் கோலமாகத் தக்கது என்னும் எண்ணமே.

சுற்றுலாக் கடைகளில் தேயிலைச் சின்னம் அச்சிட்ட துணிகள் உள்ளனவே எனலாம். உள்ளன, அவை கோலமாகா. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்தைத் துண்டித்து, முத்திரை குத்தியதுபோல ஒரே தூரத்திற் சிதறவிட்டிருப்பர். தண்டு இல்லை, இலை எங்கிருந்து வந்தது, எங்கே போகின்றது என்பதில்லை. தேநீர்ப் பெட்டியின் வணிகக் குறி துணிக்குக் குடியேறியிருக்கின்றது, அவ்வளவே. கிள்ளி நிறுக்கப்பட்ட பின் கொழுந்து எவ்வாறு தோன்றுமோ அவ்வாறே அது வரையப்பட்டிருக்கின்றது. வாங்குபவனின் கண் அது. செடியில் நிற்கும்போது கொழுந்து வேறாகத் தோன்றும். இலைகள் தண்டின் இருபுறமும் மாறி மாறி ஏறும். ஒவ்வோர் இலையும் முந்தியதினுஞ் சிறிதாய், இளம்பச்சையாய், நுனியில் ஊசிபோல் மடிந்த மொட்டில் முடியும். விளிம்பு அரம்போன்றது. கிள்ளப்பட்ட இடத்துக்குக் கீழ் மறுவாரத்துக்குரிய முளை ஏற்கெனவே புடைத்திருக்கும். கவ்வாத்து வெட்டின் தழும்புகளாற் கணுக்கணுவாய் முறுகிய பழந்தண்டு அடியில். அதன் மேல் ஒரு கை அகலத்துக்குப் புதுப்பசுமை. கோலக்காரனுக்கு இதனினும் நல்ல எலும்புக்கூடு வாய்ப்பதரிது.

பூ இல்லையே என்று தயங்குவார்க்கு மொறிஸே விடை தந்துள்ளார். 1887இல் அவர் வரைந்த ‘வில்லோக் கிளை’ என்னும் சுவர்த்தாளிற் பூவே இல்லை. நீண்டு மெலிந்த இலையும் வளைந்த கிளையும் மட்டுமே பரப்பை நிறைக்கின்றன. ஆரவாரமற்ற அக்கோலம் அவருடைய மலர் நிறைந்த பலவற்றினும் நீடு வாழ்ந்து வருகின்றது. என் மதிப்பில் ‘ஸ்ரோபெரித் திருடன்’ கூட அதற்கு ஒருபடி தாழ்ந்ததே. திருடனைப் பார்த்த கண் பறவையிலேயே தங்கிவிடுகின்றது, வில்லோக் கிளையிலோ கண் எங்குந் தங்காது உலாவுகின்றது. ஆங்கில ஆற்றங்கரைகளில் வில்லோ மரமுந் தலை வெட்டப்பட்டுத் தழைக்கவிடப்படுவது. வெட்டுண்டு தழைத்தல் என்னும் ஒழுங்கில் அது தேயிலைக்கு உறவாகின்றது. நிழலுக்கென நடப்படும் முள்முருக்கின் செம்பூ வேண்டுவார்க்கு அதுவும் அருகிலேயே உண்டு. சிவப்பு ஓரிரு இடத்தில் மட்டுந் தெறித்தாற் பச்சையின் சலிப்பு நீங்கும்.

சாயத்துக்கும் மலைக்குப் புறத்தே போகவேண்டியதில்லை. எழுத்துத்துணிக்காரர் கருப்பு வரைவதற்கு இரும்புத் துண்டுகளை வெல்ல நீரிற் பலநாள் ஊறவிட்டு, கடுக்காய்ச் சாறு ஏறிய துணியில் அந்நீரால் எழுதுவர். கடுக்காயின் துவர்ப்பும் இரும்புஞ் சேர்ந்து கருமையாகும். அதே துவர்ப்பு தேயிலைக்கும் உண்டு. தேயிலைத் தூளை அவித்த சாற்றிற் பருத்தியைத் தோய்த்து உலர்த்தினால் துணி மங்கிய கபில நிறம் பெறும். அதன்மேல் இரும்பு நீரை அச்சுக்கட்டையால் ஒற்றினால், கட்டை பட்ட இடம் மெல்ல மெல்லச் சாம்பல் சார்ந்த கருமையாய் மாறும். கடுக்காய் தரும் ஆழம் அதற்கு இராது. மழைக்கு முந்திய மாலையில் நமுனுகுலை மலையடிவாரத்துச் செடிகள் காட்டும் நிறம் அது. தொழிற்சாலையில் விலைபோகாது கழிக்கப்படும் தூளே இதற்குப் போதியது. கட்டை செதுக்க ஒரு தச்சரும், கட்டத்தின் ஓரத்தைப் பொருத்திக் காட்ட வாசலிற் கோலமிடும் ஒரு பெண்ணும் உடனிருப்பின், எஞ்சிய வேலை துணியை நீட்டிப் பிடிப்பதுதான்.